மலையில் இரண்டாம் ஏற்றத்திலேயே கால் ஓய்ந்துபோவது ஏன்?

கேள்வி: சமதரையில் 150 கி.மீ. சிரமமில்லாமல் சைக்கிள் ஓட்டுவேன். ஆனால் மூன்று கணவாய்களைக் கடக்கும் 130 கி.மீ. மலைப்பாதையில் (மொத்த ஏற்றம் 2,500 மீட்டர்) இரண்டாவது ஏற்றத்தின் பாதியிலேயே கால் ஓய்ந்துவிட்டது. இறக்கத்தில் குளிரில் உடம்பு வெடவெடத்தது. அடுத்த மாதம் அதே பாதையில் மறுபடி போகப்போகிறேன். எதை மாற்ற வேண்டும்?

பதில்: முதலில் அந்த 130-ஐ மறந்துவிடுங்கள். மலையில் கிலோமீட்டர் கணக்கு உதவாது, உயரக் கணக்குதான் பேசும். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,000 மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டும் உடம்பு 800 கிலோகலோரிக்கு மேல் செலவழிக்கும். 2,500 மீட்டருக்கு 2,000-ஐத் தாண்டிவிடும். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாக (உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து) சேர்ந்திருக்கும் இருப்பே ஏறக்குறைய அவ்வளவுதான்.

கொழுப்பு நிறையவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் நிதானமாக மிதித்தால்தான் அதன் பங்கு கூடும். முக்கி மிதித்தால் கிளைக்கோஜன்தான் மளமளவென்று கரையும். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் கால் ஓய்ந்தது இரண்டாம் ஏற்றத்தில் என்றாலும், கோளாறு பெரும்பாலும் முதல் ஏற்றத்தில் நடந்திருக்கும். காலையில் கால் புதிதாக இருக்கும், கூட வருபவர் முந்துவார், நாமும் விடமாட்டோம்! முதல் ஏற்றம் முழுக்க, மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்திலேயே போங்கள். இவ்வளவு மெதுவாகவா என்று எரிச்சல் வரும். வரட்டும்.

அந்த வேகத்தில் போகக் கியர் இடம் கொடுக்க வேண்டும். முன்னால் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் 34 பல் என்றால் பெடலை ஒரு சுற்று மிதிக்கும்போது சக்கரமும் ஒரே சுற்று, சுமார் 2.1 மீட்டர் நகர்வீர்கள். நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பின்னால் பெரிய பல்சக்கரமே 25 பல்தான் என்றால், அதே வேகத்துக்கு 50 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியிலும் உடம்பு எடை முழுவதையும் போட்டு அழுத்த வேண்டியிருக்கும். தொடை சீக்கிரம் கட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். புதிதாக எதையாவது வாங்குவதானால் லேசான சக்கரத்தை விட்டுவிட்டுப் பெரிய கேசட்டை (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) வாங்குங்கள். செயினும் டீரெய்லரும் (செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பாகம்) அதற்கு ஒத்துவருமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் சாப்பாடு. பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். கிளம்பி அரை மணி நேரத்தில் ஆரம்பித்து, மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட் உள்ளே போகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கும். இறக்கத்தில் கை பிரேக்கிலேயே இருக்கும் என்பதால், ஏற்றம் தொடங்குவதற்கு முன்னும், சரிவு குறைகிற இடங்களிலும் கடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர், வெயிலைப் பொறுத்து. நாள் முழுக்க வெறும் தண்ணீராகக் குடிக்காமல் உப்பும் சேர வேண்டும்.

குளிருக்கு வருவோம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் இறங்கினால் நடுங்காமல் என்ன செய்யும்? கணவாயின் உச்சியில் நின்று, உடம்பு சூடாக இருக்கும்போதே காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டைப் போட்டு, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிடுங்கள். முழுவிரல் கையுறையும் வேண்டும். விரல் மரத்தால் பிரேக் சொன்னபடி கேட்காது. இறங்கும்போது காலைச் சும்மா வைத்திருக்காமல் அவ்வப்போது லேசாகச் சுற்றுங்கள், அடுத்த ஏற்றத்தில் தசை விறைத்துக்கொள்ளாது.

பிரேக்கை இறக்கம் முழுக்க லேசாகத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். ஏறும்போது சேர்த்த ஆற்றலில் பெரும்பகுதி அங்கேதான் வெப்பமாக மாறும். ரிம் பிரேக்காக (சக்கரத்தின் விளிம்பையே அழுத்திப் பிடிக்கும் வகை) இருந்தால் அந்தச் சூட்டில் டியூப் வெடிக்கவும் கூடும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், சைக்கிள் நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட்டு வளைவில் நுழையுங்கள். பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் வளைவு முடிகிற இடத்தில் இருக்கட்டும்.