முகப்பில் 12 சென்டிமீட்டர் விலகல்: கருவியைச் சந்தேகிக்கும் முன்

கேள்வி: நிலத்தடிச் சுரங்கத்தில் சர்வேயராக இருக்கிறேன். ஷாஃப்டின் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி) அடியிலிருந்து முகப்பு (பாதையை வெட்டிக்கொண்டிருக்கும் முனை) வரை சுமார் 900 மீட்டர், ஏறத்தாழ நேரான பாதை. இன்னொரு குழு அதையே மறுபடி அளந்தபோது கடைசி ஸ்டேஷன் (அளவீட்டுக் குறிப் புள்ளி) பக்கவாட்டில் 12 செ.மீ. தள்ளி வந்தது. நீளம் மட்டும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகிறது. கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவி சர்வீஸ் முடிந்து இப்போதுதான் வந்தது. திரும்பவும் அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. நீளம் சரியாக வந்து பக்கவாட்டில் மட்டும் விலகினால், பிழை கோணத்தில் இருக்கிறது. 900 மீட்டரில் 12 செ.மீ. என்பது 27, 28 வினாடிக் கோணம் (ஒரு டிகிரியில் 3600 வினாடி). அது எங்கே நுழைந்தது என்பதுதான் தேட வேண்டியது.

முதல் வேலை மேசையில். இரண்டு அளவீடுகளுக்கும் உள்ள பக்கவாட்டு வித்தியாசத்தை ஸ்டேஷன் வாரியாக ஒரு தாளில் வரையுங்கள். ஓர் இடம் வரை பூஜ்ஜியத்தை ஒட்டி வந்து, அதன் பிறகு நேர்கோடாக ஏறினால், அந்த ஒரு ஸ்டேஷனின் கோணம்தான் குற்றவாளி. சின்னச் சின்னப் பிழைகள் எல்லா இடத்திலும் சேர்ந்திருந்தால் கோடு மெதுவாக வளையும், அல்லது தடுமாறித் தடுமாறிப் போகும்.

என் ஊகம், கோடு ஷாஃப்டுக்குப் பக்கத்திலேயே ஏறத் தொடங்கும். ஏனென்றால் ஷாஃப்டிலிருந்து பாதைக்குள் திரும்பும் இடத்தில் இடம் குறைவு, பேக்சைட் (திசைக்காகப் பின்னால் உள்ள தெரிந்த ஸ்டேஷனைப் பார்ப்பது) பெரும்பாலும் 10, 15 மீட்டரில்தான் கிடைக்கும். 12 மீட்டர் பேக்சைட்டில், குறியாக வைக்கும் பிரதிபலிப்புப் பிரிசம் 1.6 மி.மீ. பக்கவாட்டில் தள்ளியிருந்தால் போதும், நீங்கள் சொல்லும் 12 செ.மீ. முழுவதும் முகப்பில் வந்து நிற்கும். கூரை ஸ்டேஷனிலிருந்து தொங்கும் தூக்குக்குண்டு காற்றோட்டத்தில் அதைவிட அதிகமாகவே ஆடும். காற்றை நிறுத்தச் சொல்லவில்லை; நூலுக்கு ஒரு மறைப்பு, கொஞ்சம் கனமான குண்டு, பொறுமை, இவ்வளவுதான். முடிந்தால் மூன்று முக்காலி முறைக்கு மாறுங்கள்: ட்ரைபிராக்கை (முக்காலி மேல் கருவியைத் தாங்கும் அடித்தட்டு) அசைக்காமல் கருவியையும் பிரிசத்தையும் மட்டும் மாற்றிக்கொண்டே போவது. ஒவ்வொரு தடவையும் புள்ளிக்கு நேராகப் புதிதாக மையப்படுத்தும்போது வரும் பிழை அதில் பெருமளவு போய்விடும். அந்த ட்ரைபிராக்கின் ஆப்டிகல் பிளம்மட் அல்லது லேசர் பிளம்மட்டை (புள்ளிக்கு நேராக நிற்கிறதா என்று காட்டும் பகுதி) கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? கருவி மட்டும் சர்வீஸுக்குப் போகும், ட்ரைபிராக்குகள் மூலையிலேயே கிடக்கும். பல இடங்களில் இதுதான் வழக்கம்.

ஃபேஸ் லெஃப்ட், ஃபேஸ் ரைட் (தொலைநோக்கியைக் கவிழ்த்துத் திருப்பி இரண்டு நிலையில் பார்ப்பது) இரண்டிலும் அளக்கிறோம், அதனால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். அது காலிமேஷன் பிழையையும் (பார்வைக் கோடு கிடைமட்ட அச்சுக்குச் செங்குத்தாக இல்லாதது) கிடைமட்ட அச்சின் சாய்வையும் நீக்கும். மையப்படுத்தலில் வந்த தவறை நீக்காது, கருவி மட்டத்தில் இல்லாததையும் நீக்காது.

பழைய ஸ்டேஷன் நகர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பேக்சைட்டுக்குத் தூரத்தை மட்டும் சரிபார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறோம். ஆனால் கூரை பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் தூரம் அநேகமாக மாறாது. மூன்று பழைய ஸ்டேஷன்களுக்கு இடையிலான கோணத்தை அளந்து பழைய பதிவோடு ஒப்பிட்டால்தான் அது அகப்படும்.

அப்புறம் ஒளிவிலகல். சுவரும் காற்றும் வெவ்வேறு வெப்பத்தில் இருந்தால், சுவரை ஒட்டிப் போகும் பார்வைக் கோடு வளையும். எத்தனை முறை அளந்தாலும் அதே தவறான விடைதான் வரும். இரண்டு குழுவும் ஒரே சுவரை ஒட்டி அளந்திருந்தால் இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்து, வித்தியாசத்தில் தெரியவே தெரியாது. ஸ்டேஷன்களை இடது, வலது என்று மாற்றி மாற்றி வைத்து, பார்வைக் கோடு பாதையின் நடுவே குறுக்காகப் போகும்படி செய்யுங்கள்.

பாதை இன்னும் நீளப்போகிறது என்றால் வடக்குத் திசையைத் தானே கண்டுபிடிக்கும் கைரோ தியோடலைட் வாடகைக்கு எடுப்பது வீண் செலவல்ல. பாதையின் நடுவிலும் முகப்புப் பக்கத்திலும் இடத்துக்கொரு திசை கிடைத்தால், கோணப் பிழை சேர்ந்துகொண்டே போவது கட்டுப்படும். கைரோ தருவது உண்மை வடக்கு. கிரிட் வடக்குக்கு (வரைபடக் கட்டக் கோடுகளின் வடக்கு) மாற்றும் திருத்தத்தை மறந்துவிட்டுக் கைரோவையே குறை சொல்ல வேண்டாம்.

நீளம் ஒத்துப்போகாமல் இருந்தால் கதை வேறு. ஒவ்வொரு பார்வைக்கும் ஒரே அளவு பிழை என்றால் பிரிசம் மாறிலி (பிரிசத்துக்கு ஏற்பத் தூரத்தில் சேர்க்கும் திருத்தம்): லைக்கா கருவியில் 0 என்று போடும் வட்டப் பிரிசத்துக்கு வேறு சில கருவிகளில் −34.4 மி.மீ. போட வேண்டும். தூரத்துக்கு ஏற்பப் பிழை வளர்ந்தால் கருவியில் போட்ட காற்றின் வெப்பம், அழுத்தம் இரண்டையும் பாருங்கள். 1 டிகிரி தவறினால் கிலோமீட்டருக்குச் சுமார் 1 மி.மீ. போகும். ஆழத்துக்கான திருத்தம் அதைவிடப் பெரியது. கடல் மட்டத்துக்கு 1000 மீட்டர் கீழே அளந்ததைக் கடல் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் கிலோமீட்டருக்கு 157 மி.மீ. கூடும்.

கருவியின் மீது இன்னமும் சந்தேகமா? சுரங்கச் சூட்டுக்குப் பழகவிட்டு (வெப்ப வித்தியாசத்தில் டிகிரிக்கு 2 நிமிடம்), ஒரே குறியை இரண்டு ஃபேஸிலும் பல தடவை பாருங்கள். இரண்டு ஃபேஸுக்கும் இடையிலான விலகல் மாறாமல் நின்றால் கருவி நலமே. தடவைக்குத் தடவை குதித்தால் அனுப்புங்கள்.

இப்போதைக்கு இரண்டு அளவீடுகளின் சராசரியை எடுத்து முகப்பின் திசையைத் திருத்திவிடாதீர்கள். ஒன்று சரியாக இருந்தால் சராசரி நிச்சயம் தவறு. மூன்றாவது முறை, வேறு ட்ரைபிராக்குகளோடு, ஷாஃப்ட் பக்கத்துக் குறுகிய பார்வையிலிருந்து தொடங்கி அளக்க வேண்டும். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த பழைய வெட்டு ஏதாவது இருந்தால், இந்த மூன்றாவது அளவீடு முடியும் வரை முகப்பில் வெட்டுவதை நிறுத்தி வைக்கச் சொல்லி மேலாளருக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.