நாடகப் பிரதியில் ஸ்பேஸ் பாருக்கு வேலை இல்லை

கேள்வி: ஐயா, எங்கள் இளைஞர் மன்றத்துக்காக ஒரு மணி நேர மேடை நாடகம் எழுதி, வேர்டில் தட்டச்சு செய்தேன். என் கணினியில் நேராக நின்ற வசனங்கள் இயக்குநரின் லேப்டாப்பில் கண்டபடி கலைந்து கிடக்கின்றன. எப்படிச் சரிசெய்வது? – செந்தூல் வாசகர், கோலாலம்பூர்

பதில்: பெயருக்கும் வசனத்துக்கும் நடுவே ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி இடம் விட்டிருப்பீர்கள். அங்கேதான் கோளாறு. தமிழில் 'ர' ஒல்லி, 'ணௌ' அகலம். அவர் லேப்டாப்பில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் வேர்டு வேறொன்றைப் போட்டுவிடும். உடனே எல்லா அகலமும் மாறி, நீங்கள் எண்ணி வைத்த இடைவெளியும் போய்விடும்.

இதற்கு மருந்து 'ஹேங்கிங் இன்டென்ட்', அதாவது முதல் வரி ஓரத்தில் நிற்க, அடுத்த வரிகள் உள்தள்ளி வரும் அமைப்பு. ஒரு வசனத்தில் கர்சரை வைத்து, பாராகிராஃப் பெட்டியைத் திறந்து, 'ஸ்பெஷல்' என்ற இடத்தில் 'ஹேங்கிங்' தேர்ந்தெடுத்து, 4 செ.மீ. கொடுங்கள். பெயர், முக்காற்புள்ளி, ஒரே ஒரு டேப், பிறகு வசனம். அவ்வளவுதான்.

சுப்பிரமணியம்: (டேப்) கடையை மூடிட்டு வான்னு சொன்னேனே, இன்னும் என்ன கணக்கு?
ராஜூ: (டேப்) சாவியக் காணோம்ப்பா.

வசனம் இரண்டாம் வரிக்குப் போனாலும் பெயருக்கு அடியில் நுழையாது. நடிகரின் கண் இடது ஓரத்தில் தன் பெயரை மட்டும் தேடிப் பிடிக்கும். 4 செ.மீ. என்பது சட்டமில்லை, உங்கள் நாடகத்தின் மிக நீளமான பெயர் அடங்க வேண்டும்.

இந்த அமைப்பை 'வசனம்' என்ற பெயரில் ஒரு ஸ்டைலாகச் சேமியுங்கள். மேடைக் குறிப்புக்கு இன்னொன்று, காட்சித் தலைப்புக்கு இன்னொன்று. பிறகு ஸ்டைலை ஒருமுறை திருத்தினால் பிரதி முழுக்கத் திருந்திவிடும். ஸ்டைலில் அளவு 12 என்று வைத்தும் தமிழ் மட்டும் அசையவில்லையா? பான்ட் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று ஒரு தனிப் பகுதி இருக்கும். தமிழ் அங்கே சொல்வதைத்தான் கேட்கும். பலர் மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது இந்த ஒன்றோடுதான்.

மேடைக் குறிப்பைச் சாய்வெழுத்தில் போட வேண்டாம். சாய்ந்த தமிழ், ஒத்திகை அறை வெளிச்சத்தில் கண்ணை வருத்தும். அடைப்புக்குறியும் சற்று உள்தள்ளிய ஓரமும் போதும்.

பழைய ஸ்பேஸ்களை என்ன செய்வது? 'ரிப்ளேஸ்' பெட்டியில் இரண்டு ஸ்பேஸைத் தேடி ஒன்றாக மாற்றுங்கள். இனி எதுவும் இல்லை என்று வேர்டு சொல்லும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அப்புறம் முக்காற்புள்ளியும் ஸ்பேஸும் சேர்ந்து வரும் இடங்களை, முக்காற்புள்ளியும் டேப்பும் என்று மாற்றுங்கள். பெயருக்குப் பின் வருவதை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது நல்லது.

தாள் அளவு 'லெட்டர்' என்று இருந்தால் ஏ4 ஆக்குங்கள். நம் ஊர்ப் போட்டோஸ்டாட் கடைகளில் இருப்பது அதுதான். வரி இடைவெளி 1.5 இருந்தால் நடிகர்கள் பென்சிலால் குறித்துக்கொள்ள இடம் கிடைக்கும். பக்க எண்ணை மறக்கவே கூடாது; "பக்கம் 14 எடுங்க" என்று சொல்லித்தானே ஒத்திகை நகர்கிறது! மேலே திருத்திய தேதியையும் போடுங்கள், பழைய பிரதியோடு யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

இயக்குநருக்கு வேர்டு கோப்பை அனுப்புங்கள், அவர் திருத்த வேண்டியிருக்கும். நடிகர்களுக்குப் பிடிஎஃப் போதும்.