கட்டிலுக்கு அடியில் வெலாசிராப்டர்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. பிறந்தநாளுக்கு வந்த வெலாசிராப்டர் என்ற டைனோசர் பொம்மை என்றால் அவனுக்கு உயிர். ஆனால் ஒரு படத்தில் அது ஆள் உயரத்துக்கு ஓடி வருவதைப் பார்த்ததிலிருந்து, கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்று இரவில் அழுகிறான். பொம்மையை ஒளித்துவிடலாமா?
- ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: ஒளிக்காதீர்கள் அம்மா. ஒளித்தால், இது பயப்பட வேண்டிய பொருள்தான் என்று அவனே முடிவு கட்டிவிடுவான்.

முதலில் அளவைக் காட்டுங்கள். பாலக்கோட்டில் என் பேத்திக்கும் இதே பயம் வந்தது. கோலமாவை எடுத்து வாசலில் மூக்கிலிருந்து வால் நுனிவரை ஆறடிக்கு ஒரு வெலாசிராப்டர் வரைந்தேன். அதில் கிட்டத்தட்டப் பாதி வால். நிற்கும்போது அதன் இடுப்பு அரை மீட்டர் உயரம்தான் என்றேன். அவள் அளவுகோலைத் தன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, "என் இடுப்பும் இங்கதான் தாத்தா இருக்கு" என்றாள். எடை 15 முதல் 20 கிலோ, ஏறக்குறைய உங்கள் மகனின் எடை. படம் எடுத்தவர்கள்தான் அதைப் பெரிதாக்கிவிட்டார்கள்.

அப்புறம், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனால் நாட்டுக்கோழியின் காலை அருகில் காட்டுங்கள். செதில், முன்னால் மூன்று விரல். வெலாசிராப்டருக்கும் அப்படித்தான். ஆனால் அது உள்பக்க விரலைத் தூக்கிப் பிடித்தபடி மற்ற இரண்டு விரல்களால் நடக்கும். கதிர் அரிவாள் போல வளைந்த நகம் அந்தத் தூக்கிய விரலில்தான் இருந்தது.

அது கறி தின்றதை மறைக்க வேண்டாம். 1971-இல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் போலந்து, மங்கோலிய ஆய்வாளர்கள் இரண்டு எலும்புக்கூடுகளைச் சேர்ந்தே கண்டெடுத்தார்கள். ஒன்று வெலாசிராப்டர். மற்றது கிளி மூக்கும் செம்மறியாடு போன்ற உடம்பும் கொண்ட, இலைதழை தின்னும் புரோட்டோசெராடாப்ஸ். வெலாசிராப்டரின் கால் மற்றதன் கழுத்துப் பக்கம். அதன் வலது கையோ மற்றதன் வாய்க்குள். சண்டை போட்டபடியே மணலில் புதைந்துபோயிருக்கின்றன. இதைச் சொன்ன பிறகு என் பேத்தி பயத்தை விட்டுவிட்டு, "அதுக்குக் கை வலிச்சிருக்கும்ல?" என்று கேட்டாள். எனக்கும் கண் கலங்கியது.

நம் மலையில் தோண்டினால் எலும்பு கிடைக்குமா என்று பையன் நிச்சயம் கேட்பான். கிடைக்காது. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானவை. வெலாசிராப்டர் வாழ்ந்ததோ ஏறத்தாழ 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. எலும்புள்ள எந்த உயிரும் தோன்றும் முன்பே உருவான பாறை நம்முடையது. பையனை அதன்மேல் உட்காரவைத்தே சொல்லுங்கள்.

பொம்மையில் ஒரு குறை இருக்கும், அது மொட்டையாக இருக்கும். வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த மேடுகளை 2007-இல் கண்டுபிடித்தார்கள். பறக்காது, ஆனால் இறகு உண்டு. வீட்டுப் பின்பக்கம் கோழி உதிர்த்த இறகுகளை அவனையே பொறுக்கி வரச் சொல்லுங்கள். பசை தடவி, பொம்மையின் இரண்டு கைகளிலும் ஒட்டட்டும்.