கே, என் சேர்ந்து தொடங்கும் ஆங்கில வார்த்தைகளை அர்த்தத்தோடு சொல்ல முடியுமா?

ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் பிள்ளைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டிக்டேஷனில் நைஃப் என்று சொன்னால் பிள்ளை என்-னில் ஆரம்பித்திருக்கும், மிஸ் சிவப்பு மையில் சுழித்துப் பத்து தடவை இம்போசிஷன் கொடுத்திருப்பார், அதனால்தான் இந்தக் கேள்வி. வார்த்தைகளைத் தருகிறேன், ஆனால் வெறும் பட்டியலாகத் தர மனசில்லை, அப்படிக் கொடுத்தால் அடுத்த வாரம் ஒன்றும் மிஞ்சாது.

ஓட்டேரியில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். படித்தது பி.காம். "பி.காம். படித்தவர் இங்கிலீஷ் பற்றிப் பேசலாமா" என்று கேட்க ஆள் வரும், தெரியும். நான் சொல்லும் எதையும் நல்ல அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படிக்கும் ஒரு பையனின் அப்பா பரோட்டா மாஸ்டர். ஸ்கூலில் பாடம் வாசிக்கும்போது கத்தியை "க்னைஃப்" என்று படித்துவிட்டானாம். வகுப்பே சிரித்திருக்கிறது, டீச்சரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். அதற்கப்புறம் பிள்ளை வாய்விட்டுப் படிப்பதையே நிறுத்திவிட்டான். என்னிடம்கூட உதடு மட்டும்தான் அசையும், சத்தம் வராது. பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டபோது, "எழுதியிருக்கிறதைத்தானே மிஸ் படிச்சேன்" என்றான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஏனென்றால் அவன் படித்ததுதான் ஒரு காலத்தில் சரியான உச்சரிப்பு! பழைய ஆங்கிலத்தில் அந்தக் 'க்' தெளிவாக ஒலித்தது. காக்ஸ்டன் என்பவர் 1476-ல் இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்தபோதும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அச்சில் ஏறிய எழுத்து அப்படியே நின்றுவிட்டது, பேச்சில் 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் 'க்' உதிர்ந்துபோனது. ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் முழங்காலை "க்னீ" என்றுதான் சொல்கிறார்கள். இதையெல்லாம் சொன்னதும், "அப்போ நான் படிச்சது ஜெர்மன் மாதிரியா மிஸ்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான் பாருங்கள். சிரித்த அந்த டீச்சருக்கு இது தெரியாமல் இருக்கலாம், தப்பில்லை, ஆனால் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

சரி, வார்த்தைகளுக்கு வருகிறேன். கே-என் வார்த்தைகள் பலவற்றின் அர்த்தத்தில் எங்கேயோ ஒன்று புடைத்துக்கொண்டிருக்கும். நீ என்றால் முட்டி, நக்கிள் என்றால் விரல் முட்டி, நாட் என்றால் முடிச்சு, நாப் என்றால் கதவில் இருக்கும் குமிழ், நோல் என்றால் சின்ன மேடு. முட்டி போடுவது நீல். விரல் முட்டியால் கதவைத் தட்டுவது நாக். நூலைப் பின்னுவது நிட், முதலில் முடிச்சுப் போடுவது என்றுதான் அதற்கு அர்த்தம். மாவு பிசைவது நீட், கே-என்-இ-ஏ-டி. இந்த வார்த்தை வந்ததும் அந்தப் பையன் கையை மடக்கி, விரல் முட்டியை நோட்டுப் புத்தகத்தின் மேல் அழுத்தி, முன்னால் தள்ளி, மறுபடி மடித்து இழுத்து, "அப்பா இப்படித்தான் மிஸ் செய்வார், தோள்ல இருந்து அழுத்தணும்" என்று செய்து காட்டினான். நக்கிள், நீட் இரண்டும் அவனுக்கு இனி ஜென்மத்துக்கும் மறக்காது. எல்லா கே-என் வார்த்தைக்கும் மூலம் ஒன்று என்று நான் சொல்லவில்லை, மொழியியல் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஞாபகத்தில் நிற்க இது போதும், அவ்வளவுதான்.

இதில் சேராதவையும் உண்டு. நைட் என்றால் இன்று குதிரைவீரன், பழைய ஆங்கிலத்தில் வெறும் பையன், ஏவலாள். நேவ் என்பதற்கும் முதலில் பையன் என்றுதான் பொருள், பிறகு வேலைக்காரன், கடைசியில் அயோக்கியன் என்று ஆகிவிட்டது. பிள்ளை செஸ் ஆடினால் இன்னும் சுலபம். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததிலிருந்து எங்கள் தெருவிலேயே எத்தனை பேர் போர்டும் கையுமாக இருக்கிறார்கள்! ஆட்டத்தை எழுதும்போது குதிரைக்கு என் என்று போடுவார்கள். கே ராஜாவுக்குப் போய்விட்டது, அதனால் இரண்டாவது எழுத்து. நைட் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்று அப்புறம் கேட்டுப் பாருங்கள், தப்பாகச் சொல்லவே மாட்டார்கள். மற்றபடி நோ அறிவது, நாலெட்ஜ் அறிவு, நாக் என்று ஏ போட்டு எழுதினால் கைவந்த சாமர்த்தியம், கே-என்-இ-எல்-எல் என்று எழுதும் நெல் சாவு மணி, நாப்சாக் முதுகில் மாட்டும் பை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதம் வந்தால் எங்கள் தெருமுனையில் கூம்பு ஸ்பீக்கர் கட்டிவிடுகிறார்கள், சாயங்காலம் ஆரம்பித்தால் ராத்திரி வரை. எனக்கும் பக்தி உண்டு, கூழ் ஊற்றும் அன்று முதல் ஆளாகப் போய் நிற்பேன். ஆனால் டிக்டேஷன் என்பதே காதில் விழுவதைக் கேட்டு எழுதுவதுதானே, பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கே நான் சொல்வது கேட்கவில்லை என்றால் எப்படிப் போடுவது? சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் "நீங்க மட்டும்தான் மேடம் சொல்றீங்க" என்கிறார்கள். வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கிறவர்கள் எல்லாரும் வாய் திறந்து சொன்னால்தானே?

கே-என் பழகியதும் டபிள்யூ-ஆர் எடுங்கள். அங்கே புடைப்பு இல்லை, முறுக்கு. ரிஸ்ட் மணிக்கட்டு, ரிங் ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது, ரெஞ்ச் மெக்கானிக் கையில் இருப்பது, ரீத் வளைத்துக் கட்டிய மலர் வளையம், ரிகிள் நெளிவது, ரிங்கிள் சுருக்கம், ரெஸில் மல்லுக்கட்டுவது. ராங் என்பதற்கே முதலில் கோணல் என்றுதான் பொருள். ரைட் மட்டும், அதாவது எழுதுவது, இந்தக் கூட்டத்தில் சேராது, அதற்குப் பழைய அர்த்தம் கீறுவது. ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் கொடுக்காதீர்கள், கையால் செய்து காட்டக்கூடியதை முதலில் கொடுங்கள்.