ஸ்பெயின் வாடை எங்கே?

கேள்வி: பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் 'லா ஸ்வாரே தான் கிரனாத்' (கிரனடாவில் ஒரு மாலை) பியானோவில் கற்றுக்கொண்டிருக்கிறேன். சுரமெல்லாம் வந்துவிட்டது, ஸ்பெயின் வாடைதான் வரவில்லை. வீடியோ எடுத்து இணையத்தில் போட்டால் காப்புரிமைச் சிக்கல் வருமா?
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: சுரம் வந்துவிட்டதென்றால் கோளாறு நடையில்தான். இது 1903-ல் வந்த 'எஸ்தாம்ப்' தொகுப்பின் மூன்று உருப்படிகளில் இரண்டாவது. அடியில் ஓடுவது ஹபனேரா என்ற நாட்டியத்தின் தாளம், அதாவது எட்டு மாத்திரையை 3, 1, 2, 2 என்று பிரிக்கும் நடை. பியானோவை மூடிவிட்டுத் தொடையில் தட்டிக்கொண்டே 'தகிட, த, தக, தக' என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒற்றை 'த' கொஞ்சம் முன்னாலேயே விழுந்துவிட்டால் போச்சு, நாட்டியம் தாலாட்டாகிவிடும். அதுவே மெதுவாகவும் சன்னமாகவும் வரவேண்டும், அதுதான் கஷ்டம்.

முதல் பக்கத்தில் நெளிந்து வரும் மெட்டை சி ஷார்ப்பை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் சரளி வரிசை பாடும் அதே மாயாமாளவகௌளை சுரங்கள்! அதற்காகக் கமகம் போட இறங்கிவிடாதீர்கள், டெபுஸி நினைத்தது ஒருகாலத்தில் முஸ்லிம் ஆட்சியில் இருந்த கிரனடாவின் அரபு வாடையை. இத்தனைக்கும் மனிதர் ஸ்பெயினை எட்டிப் பார்த்ததோடு சரி; நாட்டுப்பாட்டிலிருந்து ஒரு வரிகூட எடுக்காமலே ஸ்பெயினைக் கொண்டுவந்துவிட்டார் என்று ஸ்பானிய இசையமைப்பாளர் மானுவல் தே ஃபாயாவே மெச்சியிருக்கிறார்.

அப்புறம் பெடல், ஒலியை நீட்டக் காலால் மிதிப்பது. கிதார் மீட்டல் போல வரும் இடங்களில் முழுக்க மிதித்தால் எல்லாம் கூழாகிவிடும், பாதி மிதித்துச் சட்டென்று விடுங்கள். கீபோர்டோடு வரும் சாதாரணப் பெடலுக்குப் பாதி என்பதே தெரியாது. அதில் வாசிப்பதானால் குறைவாக மிதிப்பதே நல்லது. முடிவுக்கு அருகே வேகமான துண்டு இரண்டு முறை குறுக்கே வந்து போகும், அங்கே தயங்காமல் பாயுங்கள், உடனே பழைய நடைக்குத் திரும்புங்கள். டெபுஸியே வாசித்துப் பதிந்த பியானோ ரோல் (தானாக வாசிக்கும் பியானோவுக்கான துளையிட்ட காகிதச் சுருள்) இருக்கிறது, தேடிக் கேளுங்கள்.

காப்புரிமைக்குப் பயப்படவேண்டாம். அவர் 1918-ல் இறந்தார், இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு தாண்டி எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் யாரோ ஒருவரின் ஒலிப்பதிவு என்று இணையதளத்தின் தானியங்கிச் சோதனை தவறாகப் புகார் கொடுக்கலாம்; நீங்களே வாசித்தது என்று மறுப்பு எழுதுங்கள். செல்போனைப் பியானோ மேலேயே வைக்காதீர்கள், சன்னமும் உரப்பும் ஒன்றாகிவிடும். நாலடி தள்ளி வையுங்கள். டிஜிட்டல் பியானோ என்றால் ஒயர் போட்டு நேராகப் பதிந்துவிடுங்கள், தெருவில் போகும் ஆட்டோ ஹாரனும் சேர்ந்து வாசிக்காது.