காட்டு வேலையில் அடிபட்டால், விஷம் ஏறினால்: கேட்டவர்களுக்கு ஒரு செவிலியரின் பதில்கள்

வணக்கம். பெரம்பலூர் பக்கம் அரசு ஆஸ்பத்திரிகளில் 29 வருஷம் செவிலியராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு ஊர் ஊராகப் போய், மருந்தடிப்பவர்களோடும் களையெடுப்பவர்களோடும் உட்கார்ந்து பேசுகிறேன். மருந்து, பாம்பு, மிஷின், அடிபட்டால் யாரிடம் சொல்வது, எதுவானாலும் கேளுங்கள். எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்பது மட்டும் என் வேலை இல்லை.

கேள்வி (குன்னம், மருந்தடிப்பவர்): அக்கா, மருந்தடித்த அன்று ராத்திரி தலை வலிக்கிறது, குமட்டுகிறது. காலையில் சரியாகிவிடுகிறது. இதற்கெல்லாமா ஆஸ்பத்திரிக்குப் போவது?

போகணும் தம்பி. காலையில் சரியாவது தலைவலி மட்டும்தான். மோனோகுரோட்டோபாஸ், புரபனோபாஸ் போன்ற மருந்துகள் நரம்பு வேலைக்கு வேண்டிய ஒரு நொதியை முடக்கிவிடுகின்றன. அது இரத்தத்தில் பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். இன்றைக்கு ஒரு காடு, நாளைக்கு ஒரு காடு என்று தொடர்ந்து அடித்தால், முதல் நாள் தாங்கிய உடம்பு நான்காம் நாள் அதே மருந்துக்குத் தாங்காது. "நேற்று வரைக்கும் நல்லா இருந்தாரே" என்று சொல்லிக்கொண்டே கொண்டு வருவார்கள்.

எல்லாரும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பாதுகாப்பு ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மருந்து பெரும்பாலும் தோல் வழியாகத்தான் உள்ளே போகிறது. வார்டுக்கு வருபவரின் சட்டையைக் கழற்றினால், முதுகில் டேங்க் உட்காரும் இடம் நனைந்து, ஈரம் அரைஞாண் கயிறு வரைக்கும் இறங்கியிருக்கும். டேங்க் மூடியில் வாஷர் தேய்ந்து, குனியும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்தது அது. கூச்சப்படாமல் சொல்கிறேன்: முன்கைத் தோல் உறிஞ்சுவதைப் போல ஏறக்குறைய 12 மடங்கு மருந்தை விரைப்பைத் தோல் உறிஞ்சும். நனைந்த லுங்கியோடு மத்தியானம் வரை நிற்பது அவ்வளவு ஆபத்து. மூக்கில் கட்டிய துண்டும் நனைந்துவிட்டால், மருந்தைத் தோலோடு ஒட்டி வைத்திருக்கும் வேலையைத்தான் செய்யும்.

முழுக்கைப் பருத்திச் சட்டை, பேன்ட், பூட்ஸ், முதுகுக்கும் டேங்குக்கும் நடுவில் சுத்தமான பாலிதீன் தாள். முடித்தவுடன் சோப்புப் போட்டுக் குளியல். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறப்போடாதீர்கள், துவைக்கிறவர் கைக்கும் மருந்து போகும்.

அப்புறம், மருந்து பீய்ச்சும் முனை, அதாவது நாசில், அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். பழைய பல் பிரஷ்ஷோ ஈர்க்குச்சியோ பையில் இருக்கட்டும்.

கேள்வி (துறையூர், மக்காச்சோள விவசாயி): படைப்புழுவுக்கு எது அடிக்கலாம் சிஸ்டர்?

உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள்.

கேள்வி (வேப்பந்தட்டை): பாட்டிலில் சிவப்பு முக்கோணம் இருந்தால்தான் விஷம், மற்றதெல்லாம் பயமில்லை என்று கடையில் சொன்னார்கள். உண்மையா?

இல்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறம். ஒரே தடவையில் உடம்புக்குள் போனால் எவ்வளவு கொடியது என்பதை வைத்துத்தான் அந்த நிறம் வருகிறது. சிவப்பு மிகக் கொடியது என்பதால் மஞ்சள் சாது ஆகிவிடாது. மஞ்சள் முக்கோணம் போட்ட பாராக்வாட் களைக்கொல்லிக்கு விஷமுறிவு மருந்தே கிடையாது. அதை விழுங்கி வந்தவர்கள் நாலைந்து நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, நுரையீரல் கெட்டுப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

நிறத்தைவிட முக்கியம், அந்த லேபிளைக் கிழிக்காமல் வைத்திருப்பது. யாருக்காவது முடியாமல் போனால் பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் அட்ரோபின் என்ற விஷமுறிவு ஊசி போடுவதா, வேறு வழியா என்று டாக்டர் உடனே முடிவெடுக்க முடியும். டெல்லி எய்ம்ஸில் உள்ள விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. அவசரத்துக்கு எப்போதும் 108.

கேள்வி (மன்னார்குடி): வரப்பில் பாம்பு கடித்தால் மேலே இறுக்கிக் கட்டணும்தானே?

கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. இறுக்கிக் கட்டிய காலை அவிழ்த்தபோது விரல்கள் கறுத்துப் போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். காலை ஆடாமல் வைத்து, கொலுசு, மோதிரம், மெட்டியைக் கழற்றி, நேரே விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பாம்பைத் தேடி அடிக்க வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். களத்தில் தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிறு வலிக்கிறது என்கிறார், கண் இமை தானாக மூடுகிறது என்றால் பாம்பை நினையுங்கள்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றில் சேர்த்தது. தனியார் ஆஸ்பத்திரியும் தெரிவிக்க வேண்டும். எந்த வட்டாரத்தில் எத்தனை கடி என்று தெரிந்தால்தானே அங்கே மருந்து இருப்பு வைக்க முடியும்?

கேள்வி (ஆலத்தூர், பருத்தி விவசாயி): அம்மா, எல்லாவற்றுக்கும் முதலாளியைக் கைகாட்டாதீர்கள். நான்கு பேருக்கு உடை, கையுறை, முகமூடி வாங்கினேன். மாட்டுக் கொட்டகையில் தொங்குகிறது, ஒருவரும் போடுவதில்லை. அப்புறம் விஷம் ஏறினால் நான் என்ன செய்வது?

ஐயா, வாங்கிக் கொடுத்தீர்களே, அதற்கு முதலில் என் நன்றி. பலர் அதுகூடச் செய்வதில்லை. ஆனால் எத்தனை மணிக்கு அடிக்கச் சொல்கிறீர்கள்? கூலி நாள் கணக்கா, டேங்க் கணக்கா?

(குன்னம்காரர் மறுபடியும்): நான் சொல்கிறேன் அக்கா. டேங்க் கணக்குதான். அண்ணே, அந்த உடையைப் போட்டுக்கொண்டு பதினோரு மணி வெயிலில் நீங்கள் நாலு டேங்க் அடித்துப் பாருங்கள். உள்ளே வேர்வை ஊற்றும், மூச்சு முட்டும். கழற்றி மாட்டுகிற நேரத்தில் ஒரு டேங்க் கூலி போகும்.

(ஆலத்தூர்): நாள் கூலி கொடுத்தால் பத்து மணிக்கே மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். புழு நிற்குமா?

(செந்துறை, கூலித் தொழிலாளி, பெண்): அடிக்கிறவரைப் பற்றியே பேசுகிறீர்கள். தண்ணீர் தூக்கி, மருந்து கலந்து ஊற்றுவது நாங்கள். எங்களுக்குக் கையுறை என்று யாரும் கொடுத்ததில்லை. குச்சி கிடைக்காவிட்டால் கையை விட்டுத்தான் கலக்குகிறோம்.

இந்த அம்மா சொன்னதை எல்லாரும் இன்னொரு தடவை படியுங்கள். டேங்கில் இருப்பது தண்ணீர் கலந்த மருந்து. பாட்டிலில் இருப்பது கலக்காதது. கலக்குகிறவர் கைக்குத்தான் முழு வீரியமும் போகிறது. ஒரே ஒரு ஜோடி நைட்ரைல் கையுறை வாங்க முடியும் என்றால் அதைக் கலக்குகிறவருக்குக் கொடுங்கள்.

ஐயா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். டேங்க் கணக்கில் கூலி இருக்கிற வரைக்கும் உடை கொட்டகையில்தான் தொங்கும். வேகமாக அடித்தால் காசு என்று ஆக்கிவிட்டு, நிதானமாக அடி என்றால் எப்படி? நான் போகிற ஒரு ஊரில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு நிறுத்தி, அரை நாள் கூலி என்று பேசி முடித்திருக்கிறார்கள். அந்நேரம் வெயில் இல்லை, காற்றும் குறைவு, உடையும் தாங்குகிறது. மீதியை அடுத்த நாள் காலையில் முடிக்கிறார்கள். புழு ஒரு நாளில் ஊரைத் தின்றுவிடாது.

2017 இல் மகாராஷ்டிரத்தில் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வருஷம் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. தலைக்கு மேலே அடித்த மருந்து முகத்திலும் நெஞ்சிலும் இறங்கியது. அதே வருஷம் நம் பெரம்பலூரிலும் உயிர் போனது. தோளுக்கு மேல் வளர்ந்த செடிக்குள் பவர் ஸ்பிரேயரோடு ஆளை அனுப்பாதீர்கள். காற்றுக்கு எதிரே நடக்க விடாதீர்கள்.

(ஆலத்தூர்): சரி, அரை நாள் கூலி யோசிக்கிறேன். ஆனால் டேங்க் கசிகிறது என்று என்னிடம் ஒருவரும் சொன்னதே இல்லையே?

(குன்னம்): சொன்னால் "நாளைக்கு வேற ஆளை வைத்துக்கொள்கிறேன்" என்பார்கள் அண்ணே. யார் சொல்லுவார்கள்?

நான் இங்கே வந்து உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். கசிவைச் சொன்னவருக்கு மறுநாள் வேலை இல்லை என்றால், அடுத்த கசிவை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆஸ்பத்திரியில் நாங்கள்தான் பார்ப்போம். சொன்னவருக்கு அன்றைய கூலி குறையாது என்று காட்டில் எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள் ஐயா. உடை வாங்கிய செலவைவிட இது அதிகம் காப்பாற்றும்.

கேள்வி (அரியலூர்): மருந்தடித்து மயங்கிய என் அண்ணனை "விஷம் குடித்தவர்" என்று எழுதிவிட்டார்கள். இனி என்ன செய்வது?

மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி. இது எங்கள் பக்கத்துத் தவறு. நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் நடந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு வாயில் நுரையோடு ஒருவரைக் கொண்டு வந்தார்கள். பூச்சிமருந்து வாடை அடித்ததும், யாரையும் கேட்காமல் "குடித்தது" என்று எழுதிவிட்டார்கள். அவர் மனைவி மட்டும் "காட்டிலிருந்து நேரே வந்தார், காட்டிலிருந்து நேரே வந்தார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அன்றைக்கு டியூட்டியில் இருந்தும் அந்த வரியைத் திருத்தச் சொல்லவில்லை. அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அந்த ஒரு வரியால் இழப்பீடு நின்றுபோகும். ஆகவே சேர்க்கும்போதே சொல்லுங்கள்: என்ன மருந்து, யார் காடு, எத்தனை மணியிலிருந்து அடித்தார், துணி நனைந்திருந்ததா. விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆரில், "மருந்து தெளிக்கும்போது" என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். தவறாக எழுதியிருந்தால் நிலைய மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். கூட வேலை செய்த இரண்டு பேரின் வாக்குமூலத்தையும், நனைந்த சட்டையைப் படம் எடுத்திருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

பூச்சிமருந்து தெளிக்கும் வேலை 1923 ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருந்தது. கூலிக்கு அடித்தவர் தொழிலாளர் துறையில் கேட்கலாம். முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினர் என்றால் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். வங்கிக் கணக்கில் வருஷம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு இருந்தால், விபத்து மரணத்துக்கு 2 லட்சம். 1968 ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 26 ஆம் பிரிவில், விஷம் ஏறிய சம்பவங்களைத் தெரிவிக்கச் சொல்லி அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. வேளாண்மை அலுவலருக்கும் ஒரு மனு போகட்டும்.

கேள்வி (திட்டக்குடி): பால் குடித்தால் மருந்து விஷம் முறியுமா?

முறியாது. மயக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும்.

கேள்வி (லால்குடி): பாம்பு கடித்த இடத்துக்கு மேலே துணியால் லேசாகவாவது கட்டலாமா?

மேலே மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். லேசாகவும் வேண்டாம்.

கேள்வி (பாடாலூர்): மக்காச்சோளம் அடிக்கும் மிஷினில் தம்பிக்கு இரண்டு விரல் போனது. இதைத் தடுக்க முடியாதா?

முடியும். கதிரை உள்ளே தள்ளும் தகரத் தட்டு நீளமாக இருந்து, பாதியாவது மேலே மூடியிருந்தால் கை டிரம்முக்கு எட்டாது. தரநிலைப்படி 90 சென்டிமீட்டர் நீளம், அதில் 45 மூடியிருக்க வேண்டும். வேலை வேகமாக நடக்கட்டும் என்று அந்த மூடியைக் கழற்றிவிடுகிறார்கள். கதிரடிக்கும் மிஷினில் கை போவதைத் தடுக்கத்தான் 1983 இல் ஒரு மத்தியச் சட்டமே வந்தது. துண்டு, முந்தானை, தொங்கும் கயிறு எதுவும் மிஷின் பக்கம் வேண்டாம்.

கேள்வி (பெரம்பலூர்): வாயால் ஊதினால்தான் நாசில் சுத்தமாகிறது சிஸ்டர், என்ன செய்ய?

பிரஷ். ஈர்க்குச்சி. தண்ணீர். வாய் வேண்டாம், மூன்றாவது தடவையும் சொல்வேன்.

கேள்வி (செந்துறை அம்மா): எங்கள் குழுவில் இனி எழுதி வைக்கலாம் என்று பேசினோம். என்ன எழுதுவது?

நான்கு வரி போதும் அம்மா. நாள், யார் காடு, என்ன நடந்தது, யாரிடம் சொன்னோம். அடிபடாமல் தப்பித்ததையும் எழுதுங்கள். "செவ்வாய், கிழக்குக் காடு, டேங்க் மூடி கசிந்து முதுகு நனைந்தது, காட்டுக்காரரிடம் சொன்னோம், அவர் புதுசு வாங்குவதாகச் சொன்னார்." படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருத்தி எழுதட்டும், மற்றவர்கள் சொல்லட்டும்.

(ஆலத்தூர்): அந்த வாஷர் தனியாகக் கிடைக்குமா அம்மா? புது டேங்க்தான் வாங்கணுமா?

தனியாகக் கிடைக்கும் ஐயா. தெளிப்பான் விற்கும் கடையிலேயே இருக்கும். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போனால் அளவு சரியாக வரும். கழற்றும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.