ஐந்து ஸ்பீக்கர் இருந்தும் இரண்டில் மட்டும் ஒலி வருவது குறித்து

வணக்கம். சாட்ஸ்வொர்த் வீட்டில் ரிசீவருடன் (ஒலியைப் பெற்று ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் கருவி) நேரடியாக இணைத்த ப்ளூரே பிளேயரில் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒலிப்பதாகவும், டிவியின் செயலிகளில் படம் பார்த்தால் முன்னிரண்டில் மட்டுமே ஒலி வருவதாகவும், கடைக்காரர் விலை உயர்ந்த கேபிள் வாங்கச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள்.

தயவுசெய்து கேபிள் வாங்க அவசரப்படாதீர்கள். ப்ளூரேயில் எல்லாம் சரியாக ஒலிப்பதால் ஸ்பீக்கர்களிலோ வயர்களிலோ பழுதில்லை. ஓரளவாவது ஒலி வருவதால் ஏஆர்சி இணைப்பும் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிள் வழியே ரிசீவருக்கு அனுப்பும் வசதி) வேலை செய்கிறது. பெரும்பாலும் டிவியின் ஒலி அமைப்புகளில் டிஜிட்டல் வெளியீடு ‘பிசிஎம்’, அதாவது சுருக்கப்படாத ஒலி, என்று இருக்கும். சாதாரண ஏஆர்சி வழியே பிசிஎம் ஒலி இரண்டு சேனல்களாக மட்டுமே செல்லும் என்பதால், அதை ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘பாஸ்த்ரூ’ என மாற்றுங்கள். அப்போது டால்பி டிஜிட்டல் 5.1 ஒலி (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனியே பதிவானது) சுருக்கப்பட்ட வடிவிலேயே ரிசீவரை அடைந்து அங்கே பிரிக்கப்படும். மாற்றியபின் ரிசீவரின் முகப்புத் திரையில் ‘டால்பி’ என்ற சொல் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய தமிழ்ப் படங்கள் பல ஸ்டீரியோவில்தான் கிடைக்கின்றன, ஆகவே 5.1 குறியீடுள்ள படத்தை வைத்தே சோதியுங்கள்.

மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது ஒலி முற்றிலும் நின்றுபோனால், டிவி, ரிசீவர் இரண்டின் பிளக்கையும் கழற்றிச் சில நிமிடம் கழித்துச் செருகினாலே பெரும்பாலும் இணைப்பு மீண்டுவிடும்.